கடல் எந்தப் பக்கம்?

தில்லைநாயகி டீச்சரை வெளியே நிறுத்தினார்கள்.

அவள் யாரையும் அடிக்கவில்லை. பொய் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னாள். அதற்குத்தான்.

"புரிந்ததா?" என்று கேட்டார்கள்.

"புரியவில்லை" என்றாள்.

அவ்வளவுதான் நடந்தது.

*

அந்தக் குன்றின் மேல் ஆசிரியர்களுக்கென்று ஒரு பயிற்சிச் சாலை இருந்தது. சுற்றுவட்டாரத்துப் பள்ளிகளின் ஆசிரியர்கள் வருடம் ஒருமுறை அங்கே ஏறிப்போய் உட்கார வேண்டும். எப்படிக் கற்பிப்பது என்று அவர்களுக்குக் கற்பிப்பார்கள்.

கற்பிக்கிறவர் ஆசான் தணிகாசலம். தில்லைநாயகியைவிட வயதில் இளையவர். தாடி மட்டும் மூத்தது.

அவர் மேடையில் இருப்பார். ஆசிரியர்கள் கீழே தரையில் இருப்பார்கள். பிள்ளைகளைப் பேச விட வேண்டும், ஆசிரியர் குறைவாகப் பேச வேண்டும் என்று காலையிலிருந்து மத்தியானம்வரை அவர் மூச்சு விடாமல் பேசுவார்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு.

பேச்சு முடிந்ததும் ஆசான், "புரிந்ததா?" என்று கேட்பார். எல்லாரும் ஒரே குரலில், "புரிந்தது ஐயா!" என்பார்கள். அந்தச் சத்தம் எட்டிய பிறகுதான் சமையல்கட்டில் இலை போடத் தொடங்குவார்கள்.

சத்தம் வராமல் இலை விழாது.

அதனால் அந்தக் குன்றில் இதுவரை புரியாமல் போனவர் என்று ஒருவருமே கிடையாது.

*

தில்லைநாயகி ஒரு கேள்வியோடு வந்திருந்தாள். காலையிலேயே கையைத் தூக்கினாள்.

"ஐயா, என் வகுப்பில் அஞ்சுகம் என்று ஒரு பெண்..."

"கேள்வி நேரம் கடைசியில், அம்மா."

கடைசியில் கேள்வி நேரம் வரவில்லை. "புரிந்ததா?"தான் வந்தது.

"புரிந்தது ஐயா!" என்றது கூடம்.

அது அடங்கிய பிறகு ஒரு குரல் மட்டும் தனியாக வந்தது.

"புரியவில்லை ஐயா."

சமையல்கட்டில் இலையை விரித்த கை அப்படியே நின்றது.

ஆசான் சிரித்தார். "எது புரியவில்லை?"

"அஞ்சுகம்."

"அது இன்றைய தலைப்பில் இல்லையே, அம்மா."

கூடம் சிரித்தது. ஆசான் காலையில் சொன்னதையெல்லாம் சுருக்கி இன்னொரு தடவை சொன்னார். சுருக்கமாகச் சொன்னபோது இன்னும் அழகாகவே இருந்தது.

"இப்போது?"

"இல்லை ஐயா."

பக்கத்தில் இருந்த ரெஜினா டீச்சர் அவள் தொடையைக் கிள்ளினாள். இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடம்.

"தில்லை, சொல்லித் தொலையேன்டி. எனக்கு மட்டும் புரிஞ்சுதா? நான் சொல்லல?"

"புரியாம எப்படிடீ புரிஞ்சுதுன்னு சொல்றது?"

"வாயாலதான்."

பின்வரிசையிலிருந்து ஒருவர், "டீச்சர், பாயசம் ஆறுது" என்றார். இன்னொருவர், "எங்க ஊருக்கு அஞ்சு மணி பஸ்ஸ விட்டா வேற கிடையாது தாயி" என்றார்.

ஆசான் கையை உயர்த்திக் கூடத்தை அமைதிப்படுத்தினார்.

"புரியும்வரை வெளியே நில்லுங்கள், அம்மா. சிலருக்குக் காற்றாட நின்றால் புரியும்."

அவள் எழுந்து வெளியே போனாள். உள்ளே மறுபடியும் கேட்டார்கள். மறுபடியும் எல்லாருக்கும் புரிந்தது. இலை விழுந்தது.

இது நியாயமா என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் நியாயம் கேட்கிற பழக்கம் நமக்கு எப்போது இருந்தது?

*

சாயங்காலம் எல்லாரும் இறங்கினார்கள். ரெஜினா மட்டும் படியில் நின்றாள்.

"வாடி போகலாம். புரிஞ்சுதுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடு."

"மாட்டேன்."

"அங்க பிள்ளைங்க?"

"ஒரு பிள்ளைக்காகத்தான் நிக்கிறேன்."

"நீ இங்க நின்னா அது அங்க பேசிடுமா?"

தில்லைநாயகி கிழக்கே பார்த்தாள்.

ரெஜினா பெருமூச்சு விட்டாள். கைப்பையைத் துழாவி, வழிக்கு வாங்கி வைத்திருந்த முறுக்குப் பொட்டலத்தை எடுத்து அவள் கையில் திணித்தாள்.

"உன் வகுப்பையும் என் வகுப்பையும் சேர்த்து வச்சுப் பாத்துக்கறேன். ரொம்ப நாள் முடியாது, சொல்லிட்டேன். எனக்குத் தொண்டை ஒண்ணுதான்."

வெளியூர்ப் பெண்கள் தங்க ஓர் அறை இருந்தது. தில்லைநாயகி அதில் தங்கினாள்.

குன்றின் படிகளிலிருந்து பார்த்தால் கிழக்கே வெகுதூரத்தில் கடல் ஒரு கோடாகத் தெரியும். அந்தக் கோட்டின் ஓரத்தில் எங்கோ அவள் பள்ளிக்கூடம். இங்கிருந்து மணிச்சத்தம் கேட்க வழியே இல்லை. ஆனாலும் காலையில் பள்ளி மணியடிக்கும் வேளை வந்தால் அவள் கை தானாகவே புடவைத் தலைப்பைச் சரிசெய்தது.

*

மறுநாள் காலை ஆசான் வெளியே வந்தார்.

"புரிந்ததா?"

"இல்லை ஐயா. நீங்கள் இன்னும் கேட்கவே இல்லையே."

"எதை?"

"என் கேள்வியை."

ஆசான் கொஞ்சம் யோசித்தார். பிறகு படியில் உட்கார்ந்தார்.

"சொல்லுங்கள்."

"அஞ்சுகம் ஐந்தாம் வகுப்பு. அவளுடைய அப்பா கடலுக்குப் போகிறவர். நான் ஒன்று சொன்னால் அவள் மூன்று கேட்பாள், ஐயா. மீனுக்கு வேர்க்குமா டீச்சர் என்பாள். அலை எல்லாம் கரைக்கே வருதே, திரும்பிப் போறதை ஏன் யாரும் எண்ணுறதில்ல டீச்சர் என்பாள். ஒருநாள், உங்களுக்கு யார் டீச்சர் என்று கேட்டாள். பாதி நாள் அவளால் பாடமே நடக்காது."

"தொல்லைதான்."

"ஆமாம். அந்தத் தொல்லை இப்போது இல்லை."

ஆசான் அவள் முகத்தைப் பார்த்தார்.

"மாநில வரைபடம் நடத்தினேன். கடல் எந்தப் பக்கம் என்று குறிக்கச் சொன்னேன். எல்லாரும் வலது பக்கம் எழுதினார்கள், சரியாக. அவள் இடது பக்கம் எழுதினாள். மேற்கே. மலை இருக்கிற பக்கம். திருத்தினேன். மறுபடி நடத்தினேன். கலர் பென்சில் கொடுத்து நடத்தினேன். பாட்டாகப் பாடி நடத்தினேன். அவள் மறுபடியும் இடது பக்கமே எழுதினாள். கடலில் பிறந்த பெண், ஐயா! பிறகு எழுதுவதையே விட்டுவிட்டாள். அப்புறம் பேசுவதையும்."

"மற்றப் பிள்ளைகள்?"

"எல்லாருக்கும் புரிகிறது."

"அப்படியானால் கற்பித்ததில் பிழை இல்லை."

"அப்படியானால் பிழை அவளிடமா?"

"நான் அப்படிச் சொல்லவில்லை."

"பிறகு யாரிடம், ஐயா? என்னிடமும் இல்லை, அவளிடமும் இல்லை என்றால் பிழை ஜன்னல் வழியாகவா உள்ளே வந்தது?"

ஆசான் ஒரு விரலை வானத்தை நோக்கி உயர்த்தினார். எழுந்து உள்ளே போய்விட்டார்.

*

அடுத்த நாள்.

"யோசித்தீர்களா?"

"நேற்று முழுக்க யோசித்தேன் ஐயா. விரல் நன்றாகத்தான் இருந்தது. அதைக் கொண்டுபோய் அஞ்சுகத்திடம் என்ன சொல்ல?"

ஆசான் குனிந்து ஒரு கை மண்ணை அள்ளினார். விரல் இடுக்கு வழியாக அது கொஞ்சம் கொஞ்சமாகப் படியில் கொட்டி முடியும்வரை நின்றார். பிறகு போய்விட்டார்.

அதற்கும் அடுத்த நாள் வந்தபோது படி சுத்தமாக இருந்தது.

"மண் எங்கே?"

"கூட்டிவிட்டேன் ஐயா. காலில் குத்தியது."

ஆசானுக்கு முதல் தடவையாகக் கோபம் வந்தது. உள்ளே போய்க் கனமான ஒரு கையேட்டைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தார்.

"நான் எழுதியது. வரைபடம் கற்பிக்க ஒரு தனி அத்தியாயமே இருக்கிறது. படியுங்கள்."

அவள் படித்தாள். ஒரு வரி விடாமல் படித்தாள். திருப்பிக் கொடுத்தபோது கண்ணில் ஒற்றிக்கொள்வதுபோல மரியாதையாகவே கொடுத்தாள்.

"எல்லாம் உண்மை ஐயா."

"பிறகென்ன?"

"இதில் ஒரு பிள்ளைக்குக்கூடப் பெயர் இல்லை."

*

"உங்களுக்கு என்னதான் வேண்டும்?" என்று ஆசான் கத்திவிட்டார். மேடையில் அவர் கத்தி யாரும் கேட்டதில்லை.

தில்லைநாயகி கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொன்னால் சிரிப்பீர்கள்."

"சிரிக்கமாட்டேன்."

"நான் பாடம் நடத்துவதை யாராவது ஒருவர் வந்து பார்க்க வேண்டும்."

ஆசான் சிரிக்கவில்லை. ஆனால் அவருக்குப் புரியவும் இல்லை.

"ஆய்வாளர் வருவாரே?"

"வருவார். வருகைப் பதிவைப் பார்ப்பார். கழிப்பறைக் கதவு சாத்துகிறதா என்று பார்ப்பார். நான் ஒருத்தி அங்கே நின்றுகொண்டிருக்கிறேன் அல்லவா, அதைப் பார்க்கமாட்டார். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து நான் நடத்தியதை இன்னொரு ஆசிரியர் முழுசாக உட்கார்ந்து பார்த்ததே இல்லை, ஐயா. ரெஜினாவுக்கும் எனக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அவள் நன்றாக நடத்துகிறாளா என்று எனக்குத் தெரியாது. என்னைப் பற்றி அவளுக்குத் தெரியாது. கதவைச் சாத்திக்கொள்கிறோம். கோலம் போட்டால்கூடத் தெருவில் போகிறவர் நின்று, இந்தப் பக்கம் கோணிக்கொண்டிருக்கிறது பார் என்று சொல்லிவிட்டுப் போவார். எனக்கு அப்படிச் சொல்ல ஒருத்தர் கிடையாது."

அவள் குரல் இறங்கியது.

"தப்பு கண்டுபிடிக்க வேண்டாம். பாராட்டவும் வேண்டாம். கூட இருந்து பார்த்தால் போதும். என் கண்ணுக்கு எட்டாதது எதுவோ அந்த அறையில் இருக்கிறது. அது என்ன என்று ஏங்கி ஏங்கியே எனக்கு வயதாகிவிடும்போலிருக்கிறது."

ஆசான் படியில் உட்கார்ந்தார். பேசியபோது மேடைத் தமிழ் கழன்றுவிட்டிருந்தது.

"உங்க வகுப்புல சாக்பீஸ் வாசனை வருமா?"

"வராம?"

"இங்க வராது."

*

அவர் கதை இவ்வளவுதான். ஒரு காலத்தில் அவரும் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார். பிள்ளைகள் அவர் வகுப்பைவிட்டு எழுந்து போகமாட்டார்களாம். அந்தப் பேச்சு ஊர் ஊராகப் பரவி மேலே எட்டியது. இவ்வளவு நன்றாக நடத்துகிறவரை வகுப்பில் விட்டுவைக்கலாமா என்று குன்றின் மேல் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள்.

நன்றாகச் சமைக்கிறவரை அடுப்படியிலிருந்து எழுப்பிக் கூட்டிக்கொண்டுபோய், இனி நீங்கள் சமையலைப் பற்றிப் பேசினால் போதும் என்று நாற்காலி போட்டுக் கொடுப்பது எந்த ஊர் நியாயம்? பள்ளிக்கூடத்தில் அதற்குப் பதவி உயர்வு என்று பெயர்.

"அதுக்கப்புறம் பிள்ளைங்களைப் பக்கத்துல பாத்ததே இல்லை" என்றார் ஆசான். "முதல்ல ரொம்பத் தேடுச்சு. யாராவது சும்மா, சார் சார்னு சட்டையைப் பிடிச்சு இழுக்கமாட்டாங்களான்னு இருக்கும். அப்புறம் பேசிப் பேசிச் சரியாப்போச்சு."

"சரியாப்போச்சா?"

அவர் தாடியை நீவிக்கொண்டார்.

"வாங்க ஐயா, போகலாம்" என்றாள் தில்லைநாயகி.

"நான் இறங்கிட்டா இங்க யார் பேசறது?"

"கொஞ்ச நாளைக்குக் குன்று சும்மா இருக்கட்டுமே."

*

பஸ்ஸில் நடத்துனர், "எங்க சார்?" என்றார்.

ஆசான் தில்லைநாயகியைப் பார்த்தார். இத்தனை வருடமாக அவர் கூடத்தில் வந்து உட்கார்ந்தவள். அவள் எந்த ஊர் என்று அவருக்குத் தெரியாது.

அவள்தான் ஊர்ப் பெயரைச் சொல்லிச் சீட்டு வாங்கினாள்.

*

பள்ளிக்கூடத்தை நெருங்கும்போதே இரண்டு வகுப்புச் சத்தமும் ஒன்றாகக் கலந்து கேட்டது. ரெஜினா வாசலுக்கு ஓடி வந்தாள். தொண்டை கட்டிப்போயிருந்தது.

"வந்துட்டியா! இவரையுமா கூட்டிட்டு வந்தே? பாடம் கேக்கப் போனவ ஆசானையே கொண்டுவந்துட்டாளே!"

"அஞ்சுகம் வந்திருக்காளா?"

"வந்திருக்கு. பெயரைக் கூப்பிட்டா எழுந்து நிக்குது. அவ்வளவுதான்."

வகுப்பறை சின்னது. கரும்பலகை தெற்குச் சுவரில். அதற்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் மாநில வரைபடம். பிள்ளைகள் தரையில் தெற்கே பார்த்து வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கிழக்குச் சுவரில் பெரிய ஜன்னல். ஜன்னலுக்கு அப்பால் மணல். மணலுக்கு அப்பால் கடல்.

அஞ்சுகம் கடைசி வரிசையில், ஜன்னலோரமாக இருந்தாள். எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய ஒற்றைச் சடை. முழங்காலைக் கட்டிக்கொண்டு யாரையும் பார்க்காமல் இருந்தாள்.

"வணக்கம் ஐயா!" என்று எழுந்து நின்றது வகுப்பு. அவளும் எழுந்தாள். அவள் வாய் அசையவில்லை.

விருந்தாளி வந்தால் நாற்காலியை எங்கே போடுவார்கள் என்று எந்த ஆசிரியரைக் கேட்டாலும் தெரியும். மேசைக்குப் பக்கத்தில், பிள்ளைகளைப் பார்த்த மாதிரி. ரெஜினா அப்படித்தான் போட்டாள். ஆசான் அதில் உட்கார்ந்தார்.

தில்லைநாயகி நடத்தினாள். முதல் தடவையாக ஒருவர் பார்க்கிறார். திசை சொன்னாள், மலை சொன்னாள், ஆறு சொன்னாள். படத்தின் வலது பக்கத்தைக் குச்சியால் தொட்டுக் கடல் சொன்னாள்.

முடித்துவிட்டுத் திரும்பினாள்.

"சொல்லுங்க ஐயா."

ஆசான் நெற்றியைத் தேய்த்தார். "எதையும் விடல. குரல் தெளிவு. படத்தை நல்லா உபயோகிக்கிறீங்க. நான் நடத்தினாலும் இப்படித்தான் நடத்துவேன்."

இதற்கா இவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு வந்தாள்?

"அப்படீன்னா நடத்துங்க" என்றாள்.

"என்ன?"

"நீங்க நடத்துங்க. நான் பாக்கறேன்."

*

குச்சியை அவர் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பினாள். நாற்காலி முன்னாலேயே இருந்தது. அதில் உட்காரவில்லை. எங்கே உட்காருவது என்று பார்த்தாள். கடைசி வரிசையில் அஞ்சுகத்துக்குப் பக்கத்தில்தான் இடம் இருந்தது. போய்ச் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள்.

முன்னால் இருந்த பிள்ளைகள் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். "டீச்சர் கீழ உக்காந்துட்டாங்கடா!"

ஆசான் குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு முதல் வரிசைப் பிள்ளைகளைப் பார்த்தார். பிறகு தொடங்கினார்.

அடேயப்பா, எப்படி நடத்தினார்! மலையைச் சொன்னபோது குரல் ஏறியது. ஆற்றைச் சொன்னபோது கை நெளிந்து நெளிந்து ஓடியது. குன்றின் மேல் ஒருநாளும் அவர் இப்படிப் பேசியதில்லை. முதல் வரிசையில் ஒரு பையன் உற்சாகத்தில் அவர் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டான். ஆசான் அதை விடுவிக்கவில்லை. அவர் கண் நனைந்திருந்தது.

"இப்ப சொல்லுங்க. கடல் எந்தப் பக்கம்?"

"வலது பக்கம் ஐயா!"

வகுப்பு முழுக்க வலக்கை உயர்ந்தது.

தில்லைநாயகி படத்தைப் பார்க்கவில்லை. பக்கத்தில் பார்த்தாள். எல்லாரும் கையைத் தூக்கிய அந்த நொடியில் அஞ்சுகத்தின் கையும் மடியைவிட்டு எழுந்தது. அது இடக்கை. ஒரு சாண் எழுந்து, சுற்றி இருந்த வலக்கைகளைப் பார்த்துவிட்டு, மறுபடியும் மடிக்குள் போய் ஒளிந்துகொண்டது.

தில்லைநாயகி அந்தக் கை காட்டப் போன திசையில் பார்த்தாள்.

ஜன்னல். மணல். அதற்கப்பால் வெயிலில் பளபளத்துக்கொண்டு கடல்.

இடது பக்கம்.

திரும்பிச் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தாள். அதில் இடது பக்கம் மேற்கு. மலை.

இன்னொரு தடவை ஜன்னலைப் பார்த்தாள். இன்னொரு தடவை படத்தைப் பார்த்தாள்.

அவள் வருடக்கணக்காக அந்தப் படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பிள்ளைகளைப் பார்த்து நின்றவள். அங்கே நின்றால் ஜன்னல் வலக்கைப் பக்கம். படத்திலும் கடல் வலது பக்கம். இரண்டும் ஒத்துப்போகும். சந்தேகமே வராது. விருந்தாளி நாற்காலியில் உட்காருகிறவருக்கும் வராது.

இங்கே உட்கார்ந்தால்தான் வரும்.

*

"புரிந்ததா?" என்றார் ஆசான், பழக்கத்தில்.

"புரிந்தது ஐயா!"

"ஐயா" என்றாள் தில்லைநாயகி பின்னாலிருந்து. "கொஞ்சம் இங்க வந்து உக்காருங்க."

"அங்கயா?"

"இங்கதான்."

அவர் வந்தார். பிள்ளைகள் ஒதுங்கி வழி விட்டார்கள். மேடையில் இருந்து பழகிய முழங்கால் மடங்க மறுத்தது. ஒரு கையைச் சுவரில் ஊன்றித் தரையில் இறங்கினார். அஞ்சுகத்துக்கு இந்தப் பக்கம் டீச்சர், அந்தப் பக்கம் ஆசான்.

"படத்துல கடல் எந்தப் பக்கம் ஐயா?"

"வலது."

"இப்ப பேசாம இருங்க. கொஞ்ச நேரம்."

அலைச் சத்தம் வந்தது. அது அவருடைய இடக்காதில் வந்தது.

ஆசான் தலையைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். விரல் எதையும் உயர்த்தவில்லை.

முதல் வரிசைப் பையனுக்கு அவர்கள் எதைப் பார்த்துத் திகைக்கிறார்கள் என்று தெரிந்துவிட்டது. அவர்களைத் தேற்றுகிற மாதிரி சொன்னான்:

"அது ஒண்ணுமில்ல டீச்சர். அது பரீட்சைக் கடல். அதுக்கு வலதுன்னு சொல்லணும். இது நம்ம கடல். அது வேற, இது வேற. எங்களுக்குத் தெரியும் டீச்சர்."

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும் டீச்சர். அஞ்சுகத்துக்குத்தான் ரெண்டும் ஒண்ணுன்னு நெனப்பு."

ஒருவரும் சிரிக்கவில்லை.

*

ஆசான்தான் முதலில் எழுந்தார். போய் ஆணியிலிருந்து படத்தைக் கழற்றினார். தில்லைநாயகி மறுமுனையைப் பிடித்தாள். இரண்டு பேரும் அதைத் தரையில் விரித்தார்கள். பிறகு சுற்றினார்கள், வடக்கு வடக்கைப் பார்க்கும்வரை.

படத்தின் கடல் ஜன்னல் பக்கமாக வந்து சேர்ந்தது.

பிள்ளைகள் சுற்றி வந்து நின்றார்கள். அஞ்சுகம் கடைசியாக எழுந்து வந்தாள். குனிந்து படத்தைப் பார்த்தாள். நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தாள். நீலம் தொடங்குகிற ஓரத்தில், படத்தை மிதிக்காமல், பாதத்தைச் சரியாக வைத்து நின்றுகொண்டாள். அவள் முகத்தில் இருந்தது சந்தோஷம் இல்லை. ரொம்ப நாள் வெளியூரில் இருந்துவிட்டு ஊர் எல்லையில் பஸ்ஸைவிட்டு இறங்குகிறவர்களுக்கு இருக்குமே, அது.

தில்லைநாயகி அவள் முன்னால் முழங்காலிட்டாள். இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"உனக்கு இது முதல்லயே தெரியுமாடா?"

தலை ஆடியது.

"என்கிட்ட ஏன் கண்ணு சொல்லல? அத்தனை கேள்வி கேப்பியே. இதை மட்டும் ஏன் சொல்லல?"

அஞ்சுகம் ஆசானைப் பார்த்தாள். ரெஜினாவைப் பார்த்தாள். பிறகு டீச்சரின் கண்ணை நேராகப் பார்த்தாள். இத்தனை நாள் பேசாத குரல் கரகரத்து வந்தது.

"சொல்லத்தான் டீச்சர் அன்னைக்கு எழுந்தேன். நீங்கதான், எல்லாருக்கும் புரிஞ்சிடுச்சு, நீ உக்காருன்னீங்க."